மல்வாகோன் வீடு வாங்கிய அடிகள்

ஐரிஷ் ரக்பி ஆட்டக்காரன் பின்டன் மல்குயீனின் வலது தோள், அவன் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்த முதல் வருடமே முறிந்தது. முறிந்த இடம் பர்மாவின் யாங்கூனில், மல்வாகோன் ரயில் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கும் ராதாமணி வீட்டின் முன்பக்கத் தூண். அவன் அப்போது அயர்லாந்தில் லிமெரிக் ஊரின் ஈரப் புல்லிலிருந்து எழுந்து, வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டு, தொடர்ந்து ஆடப் போனான். இங்கே தூண் மேலிருந்து கீழாகப் பிளந்தது, வீடு ஒரு பக்கம் சரிந்தது, அடுப்பிலிருந்த குழம்புச் சட்டி உருண்டு வாசலுக்கு வந்தது. மறுநாள் காலை சிவநாதன் ஆசாரி வந்து இரும்புப் பட்டை போட்டு இறுக்கினார். கரையான் கிடையாது, இடி விழவில்லை, ரயில்வேக்காரர்கள் வெள்ளைக்காரன் காலத்தில் நட்ட பர்மா இரும்புமரம், அது எப்படிப் பிளந்தது என்று அவர் கேட்கவில்லை. குப்பனுக்கு எங்கோ அடி விழுந்திருக்கிறது என்பது தெருவுக்கே தெரியும்.

குப்பன் என்பதும் பின்டன்தான். பெற்றவர்கள் வைத்தது பின்டன், வாங்கியவள் வைத்தது குப்பன். தொண்ணூற்றைந்தாம் வருடம் யாங்கூனில் திரும்பின பக்கமெல்லாம் ஹோட்டல் கட்டினார்கள். அதில் ஒன்றைக் கட்ட வந்த ஐரிஷ் எஞ்சினியரின் மனைவி ஊனா. இன்யா ஏரிப் பக்கம் அவர்களுக்கு வாடகை வீடு, அங்கே சமையலுக்குப் போனவள் ராதாமணி. ஊனாவுக்கு அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. மூன்றாவது யாங்கூனில் பிறந்தது. அதுவும் பால் குடிக்காமல் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே போனது. வந்த டாக்டர்கள் எல்லாரும் கையை விரித்த பிறகு, ராதாமணி தன் பஜார் இங்கிலீஷில் பாதியும் பர்மியத்தில் பாதியுமாகத் தன் யோசனையைச் சொன்னாள். "ஒங்க கையில பிள்ள நிக்கல மேடம். எனக்கு வித்துடுங்க." ஊனா நிறைய நேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்ன விலை என்று கேட்டாள். ஒரு முறம் தவிடு என்றாள் ராதாமணி.

எங்கள் ஜனங்களிடம் இது பழைய வழக்கம். பிறந்து பிறந்து போகிற வீட்டில் அடுத்த பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்துவார்கள். பிள்ளை தங்கிய வீட்டுக்காரி ஒருத்தி தவிடு கொடுத்து அதை எடுத்துக்கொள்வாள். எமன் வந்து எட்டிப் பார்த்தால், குப்பையில் கிடந்ததும் தவிட்டுக்குப் போனதுமான ஒரு பிள்ளையை அவன் பொருட்படுத்த மாட்டான். பிள்ளை பெற்றவளிடமே வளரும், அவள் பாலைத்தான் குடிக்கும். ஆனால் அதை என் பிள்ளை என்று அவள் வாயால் சொல்லக் கூடாது. முதல் மொட்டை அடிக்கும்போது தவிட்டைத் திருப்பிக் கொடுத்து வாங்கிக்கொண்டால், அன்றிலிருந்து அது எல்லாப் பிள்ளைகளையும்போல பெற்றவளின் பிள்ளை. அழுகிற குழந்தையைச் சீண்ட, உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம் என்று சொல்கிறோமே, அது இதிலிருந்து வந்ததுதான்.

ராதாமணியின் புருஷன் நல்லப்பன் ரயில் ஷெட்டில் ஃபிட்டர். பசுண்டான் ரைஸ் மில்லிலிருந்து அவன் தவிடு கொண்டுவந்தான். ஊனா மல்வாகோனுக்கு வந்து, தன் கையாலேயே பிள்ளையை ராதாமணி வீட்டோரக் குப்பையில் கிடத்தினாள். பிள்ளையைவிடத் தாய்தான் அதிகம் நடுங்கினாள் என்று பார்த்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். ராதாமணி முறத்தைக் கொடுத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கி, வீட்டுக்குள் கொண்டுபோய், மடியில் போட்டுக்கொண்டு குப்பா என்று கூப்பிட்டாள். அன்று சாயங்காலமே அது பால் குடித்தது. தவிட்டைப் பக்கத்துத் தெரு மாடு தின்றது. ராதாமணிக்கு அப்போது அம்சவேணி என்று இரண்டு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். அம்மா மடியில் வேறொருவன் கிடப்பதை அவள் கதவோரமாக நின்று பார்த்தாள்.

மொட்டைக்கு நாள் வந்தபோது ராதாமணி புதுத் துணி எடுத்து வைத்துக் காத்திருந்தாள். அடுத்த மாதம் என்றாள் ஊனா. அப்புறம் அடுத்த வருடம் என்றாள். தொண்ணூற்றேழில் ஹோட்டல் வேலை பாதியில் நின்று, அவர்கள் ஒரே வாரத்தில் மூட்டை கட்டினார்கள். விமான நிலையத்தில் ஊனா ராதாமணியைக் கட்டிக்கொண்டு அழுதாளே தவிர, தவிட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பாவம், அவசரத்தில் மறந்துவிட்டாள் என்று ராதாமணி சொன்னாள். தெருவும் அப்படித்தான் நினைத்தது. ஆக, வழக்கப்படி பார்த்தால், குப்பன் மல்வாகோன் வீட்டுப் பிள்ளையாகவே அயர்லாந்துக்குப் போனான்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஊனாவிடமிருந்து ஒரு போட்டோ வரும். குப்பன் வளர்ந்துகொண்டே இருந்தான், தலை நிறையக் கறுப்பு முடி. நர்கிஸ் புயல் அடித்த வருடம் ராதாமணி வீட்டுக் கூரை ஒரு தகரம்கூட மிச்சமில்லாமல் பறந்து போனது. ஆற்றுக்கு அக்கரையில் டாலாவிலிருந்து பறந்து வந்த ஒரு தென்னை மட்டை அடுப்படியில் விழுந்து கிடந்தது. லிமெரிக்கில் அதே நேரம், ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த பையனின் முடி மொத்தமும் சூப்புத் தட்டில் உதிர்ந்தது. அங்கே டாக்டர்கள் அதற்கு ஒரு வியாதியின் பெயரைச் சொன்னார்கள். நல்லப்பன் ரயில்வே ஏலத்தில் துருப்பிடித்த பழைய தகரம் எடுத்து வந்து கூரை போட்டான். அந்த வருடப் போட்டோவில் குப்பனுக்கு முடி திரும்ப முளைத்திருந்தது, தகரத்தின் அதே சிவப்பில். ராதாமணி போட்டோவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று கூரையை வெகுநேரம் பார்த்தாள். அயர்லாந்தில் சிவப்பு முடிக்கு மதிப்பு உண்டு என்பதால் அங்கே யாரும் அதற்கு மேல் விசாரிக்கவில்லை.

அந்த ஊரில் பையன்கள் மழையில் நனைந்துகொண்டு ரக்பி ஆடுவார்கள் என்பது எங்களுக்கு டீக்கடை ஜாபிர் பாய் சொல்லித்தான் தெரியும். சிம் கார்டு விலை பர்மா பணத்தில் லட்சத்திலிருந்து ஆயிரத்தைந்நூறு சாட்டுக்கு இறங்கிய வருடம் அவர் ஒரு போன் வாங்கினார். அதில் பின்டன் மல்குயீன் என்று தேடினால், ஒரு காளைமாட்டுக் கழுத்தோடு குப்பன் நின்றுகொண்டிருந்தான். பள்ளிக்கூட அணி, உள்ளூர் கிளப், மாகாண அணியின் பயிற்சிக் கூடம் என்று அவன் ஒவ்வொரு படியாக ஏறியிருந்தான். ஜாபிர் பாய் இரவும் பகலும் பார்த்து ஆட்டத்தைப் புரிந்துகொண்டு எங்களுக்கு விளக்கினார். "பந்த முன்னாடி எறியக் கூடாது. பின்னாடி பின்னாடி எறிஞ்சுக்கிட்டே முன்னாடி போவணும்." அதெப்படி முடியும் என்று கேட்டதற்கு, நம்ம கவர்மெண்டு போகலையா என்று சொல்லிவிட்டு, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு டீ ஆற்றப் போனார்.

எட்டுப் பேர் எட்டுப் பேராகத் தலை குனிந்து, தோளோடு தோள் முட்டித் தள்ளுவதற்கு ஸ்க்ரம் என்று பெயர். குப்பனுக்கு முன்வரிசையில் வலது ஓரம். எதிர்ப்பக்கத்து இரண்டு பேருடைய பாரத்தை ஒருவனாகத் தாங்க வேண்டிய இடம் அது. அந்த இடத்தில் ஆடுகிறவர்களுக்கு நாலு வருடத்தில் காது நசுங்கி முட்டைகோஸ்போல ஆகிவிடும், கழுத்து திரும்பாது, முப்பதுக்குள் முட்டி போய்விடும். குப்பனுக்குக் காது ரோஜா இதழ் மாதிரி இருந்தது. ராதாமணி வீட்டு ஜன்னல் கதவுகள்தான் நெளிந்து சுருண்டு மூட முடியாமல் போயின. அவனுக்கு விலாவில் முட்டினால் இங்கே தரைப் பலகை இரண்டு பெயரும். பல்லில் பட்டால் படிக்கட்டில் ஒரு படி உடையும். பிரான்சுக்காரன் ஒருவன் முட்டியை மிதித்தபோது பின்பக்கத் தூண் விரிந்து, கோழிக்கூடு நசுங்கியது. உடம்பில் கீறல் விழாத மனிதன் என்று அந்த ஊர்ப் பத்திரிகைகள் எழுதின, அவன் என்ன சாப்பிடுகிறான் என்று பேட்டி எடுத்தன. அவன் கஞ்சி குடிப்பதாகச் சொன்னான்.

அந்தச் சனிக்கிழமைகளை இப்போது நினைத்தாலும் மனது ஒரு மாதிரி ஆகிறது. லிமெரிக்கில் மத்தியானம் என்றால் இங்கே விளக்கு வைக்கிற நேரம். தெரு முழுக்கப் பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துக்கொண்டு ராதாமணி வீட்டு முன்னால் வந்து உட்கார்ந்துவிடும். ஜாபிர் பாயின் போனில் படம் நின்று நின்று வரும், ஆனால் வீடு நிற்காமல் சொல்லும். முதலில் வெங்காயமும் டீசலும் மணக்கிற எங்கள் சந்தில் ஈரப் புல் வாசனை வரும். பிறகு தூண்கள் முனகும். ஸ்க்ரம் ஜெயித்தால் வீடு ஒரு விரற்கடை முன்னால் நகர்ந்து நிற்கும், தோற்றால் பின்னால் போகும். நல்லப்பன் இருந்தவரை வாசலில் நின்றுகொண்டு, தள்ளு தள்ளு என்று வீட்டைத் தட்டிக்கொடுப்பான். அவன் போன பிறகு அந்த வேலையை ராதாமணி உள்ளே இருந்து செய்தாள். குப்பன் முதல்முறை நாட்டுக்காகப் பச்சைச் சட்டை போட்டு ஆடிய அன்று எல்லாருக்கும் மொஹிங்கா ஊற்றினாள். நூடுல்ஸும் மீன்குழம்புமாக, தெருவே வழித்துச் சாப்பிட்டது. ஜெயித்தார்களா என்பது பலருக்கு ஞாபகமில்லை, மீன் நன்றாக இருந்தது என்பது ஞாபகம் இருக்கிறது.

அம்சவேணிக்கு மட்டும் இதில் சந்தோஷம் இல்லை, அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவள் ஷ்வேப்யிதாவில் தையல் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். விடிவதற்கு முன் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவாள். திரும்பினால் கட்டில் சுவரோரம் போயிருக்கும், கதவு திறக்காது, பெட்டியில் மடித்து வைத்த புடவையில் சேறு ஒட்டியிருக்கும். இதையெல்லாம்கூடப் பொறுத்தாள். ஒரு சனிக்கிழமை கியாக்தானிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை முரளிதரனுக்கு அங்கே படகுத்துறையில் கடை. அம்சவேணி காப்பித் தட்டோடு வெளியே வந்த அந்த நிமிடம் அயர்லாந்தில் குப்பனுடைய தலையும் இன்னொருவன் தலையும் மோதின. குப்பன் எழுந்து ஓடினான். வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு யார் யார் என்பதே மறந்து போனது. வந்தவர்கள் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, ராதாமணியிடம் வழி கேட்டுக்கொண்டு போனார்கள். கியாக்தான் பஸ்ஸில் பாதி தூரம் போன பிறகு முரளிதரனுக்கு ஞாபகம் வந்தது. அவனுக்குப் பெண்ணைப் பிடித்துத்தான் இருந்தது. பெரியவர்கள் சகுனம் சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று அம்சவேணி அம்மாவிடம் பேசியது தெருவுக்கே கேட்டது. "பெத்த பிள்ள நானு. தவுட்டுக்கு வாங்குனவனுக்கு வீட்டையே தூக்கிக் குடுத்துட்டியே." அவனை முறைப்படி திருப்பிக் கொடுத்துவிடு, அவன் அடி அவனோடு போகட்டும் என்றாள். ராதாமணி தரையில் பெயர்ந்த பலகையைத் தட்டி உட்காரவைத்தபடியே பதில் சொன்னாள். "அவங்க வந்து கேக்கணும். நானா எப்படித் தூக்கிப் போடுவேன். அதுக்குள்ள வீட்ட விட்டுட்டா அந்த அடியெல்லாம் எங்க போயி விழும்?" அவன் இதுவரை வாங்காத அடி மொத்தமும் ஒரே நாளில் அவன்மேல் இறங்கும் என்று சிலர் சொன்னார்கள். காற்றோடு போய்விடும் என்று சிலர் சொன்னார்கள்.

வருடங்கள் ஓடின. கொரோனா வந்தபோது அங்கே ஆட்டம் நின்றது, இங்கே வீடு ஆறு மாதம் அசையாமல் நின்றது, ராதாமணி அதற்குள் இளைத்துப் போனாள். அடுத்த வருடம் ராணுவம் ஆட்சியைப் பிடித்து ஊரடங்கு, சாயங்காலம் ஸ்டூல் போட முடியாது. அவரவர் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, ராதாமணி வீடு முனகுவதைக் காதால் கேட்டு ஆட்டத்தைத் தெரிந்துகொண்டோம். அரிசி விலை மூன்று மடங்கு ஆனது. மின்சாரம் வருவதைவிடப் போவது அதிகமானது. குப்பன் உலகத்திலேயே பலமான முன்வரிசைக்காரன் என்று பெயர் எடுத்தான், அதற்குத் தகுந்த மாதிரி வீடும் தேய்ந்தது. சிவநாதன் ஆசாரி பட்டைக்கு மேல் பட்டை போட்டார். தூண்களில் மரம் எது இரும்பு எது என்று தெரியாத நிலை வந்தபோது, அவர் தூணைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இன்னொரு ஸ்க்ரம் தாங்காதுக்கா. அன்னிக்கு நீ உள்ள இருக்காத."

போன வருடம் குப்பன் ஓய்வு பெறப் போவதாக அறிவித்தான். டப்ளினில் கடைசியாக ஒரு ஆட்டம், எதிரணி தென்னாப்பிரிக்கா. தள்ளுவதில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை என்று ஜாபிர் பாய் சொன்னார். ராதாமணி வீட்டை விட்டு வெளியே வர மறுத்தாள். பிள்ளையின் கடைசி வேலைநாளில் வீட்டைக் காலியாக வைக்கக் கூடாது, ஆள் இல்லாத வீட்டுக்குப் பலம் ஏது என்றாள். அம்சவேணி கெஞ்சிப் பார்த்தாள், சாப்பிடாமல் படுத்துப் பார்த்தாள். பிறகு ஃபேக்டரி இடைவேளையில் போனை எடுத்து, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் குப்பனுக்கே எழுதினாள். நீ யாங்கூனில் விற்கப்பட்ட பிள்ளை, உன் அடியெல்லாம் என் வீடு வாங்குகிறது, இந்தச் சனிக்கிழமை நீ ஆடினால் என் அம்மா செத்துப்போவாள். நம்பாவிட்டால் உன் முடி எந்த நாளில் உதிர்ந்தது என்று உன் அம்மாவைக் கேள். இவ்வளவுதான் எழுதினாள். அம்மாவிடம் சொல்லவில்லை.

குப்பன் முதலில் பைத்தியம் என்று நினைத்தான். எதற்கும் இருக்கட்டும் என்று ஊனாவிடம் காட்டினான். ஊனா படித்துவிட்டு, இன்னும் எத்தனை தூண் நிற்கிறது என்று மட்டும் கேட்டாளாம்.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் எல்லாரும் ஸ்டூலோடு கூடினோம், ஆனால் வழக்கத்தைவிடத் தள்ளி உட்கார்ந்தோம். ராதாமணி உள்ளே விளக்கு ஏற்றி வைத்துவிட்டு நடுத்தூணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அம்சவேணி போய் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள், யார் சொல்லியும் எழுந்திருக்கவில்லை. நேரம் வந்தது. புல் வாசனை வரவில்லை. தூண் முனகவில்லை. ஒரு பலகை அசையவில்லை. வீடு வீடாக இருந்ததைப் பார்த்து நாங்கள் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டோம். உள்ளே ராதாமணி, குப்பனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அழ ஆரம்பித்தாள். ஜாபிர் பாய் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிக்னல் தேடித் தெருமுனை வரை ஓடி, திரும்பி வந்தார்.

"இருக்கான்க்கா. வெளிய உக்காந்திருக்கான். கோட்டு போட்டு உக்காந்திருக்கான்."

"அடிபட்டுடுச்சா?"

"இல்ல. சும்மாதான் உக்காந்திருக்கான்."

ராதாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வேலைக்கிப் போன எடத்துல ஏன் சும்மா உக்காந்திருக்கான்?" என்று கேட்டாள். அம்சவேணி அம்மாவின் தோளில் சாய்ந்தாள்.

அயர்லாந்து அன்று தோற்றது. உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் கடைசி நிமிடத்தில் ஆட மறுத்தவனைப் பத்திரிகைகள் கோழை என்றன. அவன் காரணம் சொல்லவில்லை. சொன்னால் அங்கே யார் நம்புவார்கள். பன்னிரண்டு வருடம் சம்பாதித்த பெயரை ஒரே சாயங்காலத்தில் மல்வாகோன் வீட்டுக்காக விட்டான் என்பது எங்களுக்கே பிறகுதான் தெரிந்தது. தெரிந்தபோது, அவனைத் திட்டிய எங்கள் தெருப் பையன்கள் வெட்கப்பட்டார்கள்.

தை பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் பாங்காக் வழியாக ஊனாவும் குப்பனும் வந்து இறங்கினார்கள். டாக்சி சந்துக்குள் சுலபமாக நுழைந்தது, குப்பன் டாக்சியிலிருந்து வெளியே வருவதுதான் கஷ்டமாக இருந்தது. ஊனா நரைத்து மெலிந்திருந்தாள். அவளும் ராதாமணியும் வாசலில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, பர்மியத்தில் பேச ஆரம்பித்து, வார்த்தை கிடைக்காமல் நின்றார்கள். குப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டைச் சுற்றி வந்தான். ஒவ்வொரு தூணாகத் தொட்டு, பட்டைக்குப் பட்டை விரலை வைத்து, இது எந்த ஆட்டம் என்று கேட்டான். ஜாபிர் பாய் சொல்லச் சொல்ல அம்சவேணி அவனுக்கு இங்கிலீஷில் சொன்னாள். இது கார்டிஃப், மழை பெய்த அன்று. இது பாரிஸ். இது நீ முதல்முதல் ஆடின வருஷம். அவன் தொழில் வாழ்க்கை முழுவதும் அங்கே வரிசையாக நின்றது. தன் உடம்பில் எந்த ஆட்டத்தின் தடமும் இல்லாதவன், பின்தூணைக் கட்டிக்கொண்டு சின்னப் பிள்ளைபோல அழுதான்.

அம்சவேணி ரைஸ் மில்லில் சொல்லிவைத்துத் தவிடு வாங்கி, முறத்தில் கொட்டித் தயாராக வைத்திருந்தாள். ஊனாவிடம் நீட்டி, ராதாமணியிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னாள். ஊனா முறத்தைப் பார்த்ததும் இரண்டு அடி பின்னால் போய்விட்டாள். வேண்டாம் என்றாள். "நான் மறக்கல," என்று பழைய பர்மியத்தில் தட்டுத் தடுமாறிச் சொன்னாள். "மொத ரெண்டும் எங்கையில போச்சு. இவன் ஒங்கையில பொழைச்சான். திருப்பி வாங்கினா இவனும் போயிடுவான்னு பயம். அதான் வாங்கல." லிமெரிக்கில் அவன் பள்ளிக்கூடத்திலும், கிளப்பிலும், பச்சைச் சட்டை போட்ட அன்று மைதானத்திலும், யார் கேட்டாலும் இவன் பெயர் பின்டன் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். ஒரு தடவைகூட என் மகன் என்று சொன்னதில்லை. அம்மாவுக்குத் தன்மேல் பாசம் கம்மி என்று குப்பன் வளர்ந்த காலமெல்லாம் நினைத்திருந்தானாம். ராதாமணி முறத்தை உள்ளே வைக்கும்படி அம்சவேணியிடம் சொன்னாள்.

வீட்டுக்காவது ஒரு வழி செய்ய வேண்டும் என்று சிவநாதன் ஆசாரி சிமெண்டுத் தூண்கள் கொண்டுவந்தார். இரும்புமரம் இப்போது பணக்காரர்களுக்கே கிடைப்பதில்லை. ரயில் ஷெட்டிலிருந்து இரவல் வாங்கிய ஜாக்கி வீட்டைத் தூக்கியது, ஆனால் ஒரு மூலை மட்டும் எழும்பவில்லை. குப்பன் சட்டையைக் கழற்றினான். முதுகைத் தட்டையாக்கி, கால்களைப் பின்னால் ஊன்றி, போனில் நாங்கள் அத்தனை வருடம் பார்த்த அதே மாதிரி குனிந்து, உத்தரத்துக்கு அடியில் வலது தோளைக் கொடுத்தான். வீடு எழுந்தது. ஆசாரி பழைய தூணை உருவிப் புதியதை நிறுத்தினார். இப்படியே ஒவ்வொரு மூலையாக வந்து, கடைசித் தூணில் உத்தரம் வழுக்கி அவன் தோள்மேல் இறங்கியது.

குப்பன் அலறினான். மற்ற அடிகளை வாங்கிக்கொண்ட வீடு, தானே கொடுத்த அடியை எப்படி வாங்கிக்கொள்ளும். முப்பது வயதில் அதுதான் அவனுக்கு முதல் வலி. என்ன நடக்கிறது என்றே அவனுக்குத் தெரியவில்லை, தோளைப் பிடித்துக்கொண்டு எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தான். ஊனா கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பைப் போட்டுவிட்டு ஓடி வந்து, அவன் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, என் மகனே, என் மகனே என்று இங்கிலீஷில் கத்தினாள். அந்தளவு இங்கிலீஷ் எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். கத்திய பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது. பிள்ளைக்கு என்ன ஆகப்போகிறதோ என்று அவள் அவனையே பார்த்தாள், நாங்களும் பார்த்தோம். அவனுக்குத் தோள் வலித்தது, வேறொன்றும் ஆகவில்லை.

பெரியவர்கள் உடனே வழக்கு பேச ஆரம்பித்தார்கள். வாயால் உரிமை கொண்டாடிவிட்டாள், ஆனால் தவிடு கை மாறவில்லை, இது வாங்கினதாகுமா ஆகாதா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அம்சவேணி முறத்தை எடுக்க உள்ளே போனாள். ராதாமணி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிடித்தபடியே எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"முப்பது வருசம் மகன்னு கூப்புடாம வாய மூடி வச்சிருந்தா. அதுக்கு மேல அவகிட்ட தவுடு என்னத்துக்கு. குடுத்தாச்சு, போங்க."

சொல்லிவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து குப்பனின் தோளில் ஒரு பக்கம் தேய்த்தாள், மறுபக்கம் ஊனா தேய்த்தாள். குப்பன் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து அம்சவேணியிடம் ஏதோ கேட்டான். அவள் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள். வலி என்றால் எல்லாருக்கும் இப்படித்தான் இருக்குமா என்று கேட்கிறான். ஆமாம், எல்லாருக்கும் இப்படித்தான் என்றார் சிவநாதன் ஆசாரி. இதை வைத்துக்கொண்டா நீங்கள் எல்லாரும் வேலைக்குப் போகிறீர்கள் என்று அவன் மறுபடி கேட்டான். ஷ்வேப்யிதாவுக்கு நின்றுகொண்டே பஸ்ஸில் போய் வருகிற அம்சவேணி, இதை மட்டும் எங்களுக்கு மொழிபெயர்க்காமல், ஆமாம் என்று தானே அவனுக்குப் பதில் சொன்னாள். அவன் கேட்டது என்ன என்று எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

பழைய தூண்களை அறுத்துப் பொங்கலுக்கு அடுப்பெரித்தோம். அதில் இருந்த அடிகள் அதோடு போயின, எதுவும் குப்பனைத் தேடி வரவில்லை. இரும்புமரம் நின்று எரிந்தது, தெருவெல்லாம் ஈரப் புல் வாசனை. அந்தப் பொங்கல் நன்றாகவே பொங்கியது.

இப்போது அந்த வீடு மற்ற வீடுகளைப்போல நிற்கிறது. மழைக்கு ஒழுகும், கதவு சரியாக மூடும். சனிக்கிழமை நாங்கள் ஸ்டூல் போடுவதில்லை, போட என்ன இருக்கிறது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு ராதாமணி சில நாள் சிமெண்டுத் தூணில் காதை வைத்துப் பார்ப்பதைத் தெருவில் எல்லாரும் பார்த்திருக்கிறோம், பார்க்காத மாதிரி போய்விடுவோம். குப்பன் லிமெரிக்கில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறான். குளிர் வந்தால் அவனுக்குத் தோள் குத்துகிறது. வாரம் ஒருமுறை ஊனா போனில் கூப்பிடுகிறாள். அத்தனை வருடம் சேர்ந்து கிடந்ததோ என்னவோ, என் மகன் கடைக்குப் போயிருக்கிறான், என் மகன் இப்போதுதான் சாப்பிட்டான், என் மகனுக்கு இன்று வலி அதிகம் என்று வாய்க்கு வாய் சொல்கிறாள். ஒவ்வொரு தடவையும் ராதாமணிக்குச் சுருக்கென்கிறது. கேட்டுக்கொண்டு, தவிட்டைத் துணியில் கட்டிச் சூடு பண்ணி ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறாள்.